கன்ஃபர்மேஷன் செடி

1. முதல் நாள்

தோட்டக்கலையில் சான்றிதழ் வாங்கியவள் என்று சொல்லி என்னை வேலைக்கு எடுத்த கம்பெனியில், முதல் நாள் என் கையில் கொடுத்தது கடப்பாரை. சான்றிதழை லேமினேட் செய்து, அதன் மேல் இன்னொரு பிளாஸ்டிக் கவர் போட்டு, பஸ் நெரிசலில் மடங்கிவிடுமோ என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போயிருந்தேன். ஹெச்.ஆர். ஆபீசர் ரமேஷ் சார் அதை வாங்கி மேசையில் குப்புறப் போட்டார்.

"மாதம்மா, நாளைக்குக் காலைல ஃபங்க்‌ஷன் இருக்கு. காம்பவுண்டு ஓரமா குழி எடுத்து வைக்கணும். ஆளுக்கு ஒண்ணு."

"என்னா ஃபங்க்‌ஷனுங்க சார்?"

"கன்ஃபர்மேஷன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட வேலை செய்த முனிரத்னம்மாதான் குழி வெட்டிக்கொண்டே சொன்னாள். அவள் தெலுங்குக்காரி. ஊர் ஓசூருக்குப் பக்கத்திலேயே. கம்பெனி கட்டின காலத்திலிருந்து அங்கே புல் வெட்டுகிறவள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். காண்ட்ராக்டில் இருந்த ஆளை பர்மனென்ட் ஆக்கும் நாளில், அவர் தன் கையால் ஒரு மரக்கன்று வைக்க வேண்டும். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற மஞ்சள் பட்டையைக் கழற்றி நீலப் பட்டை மாட்டுவார்கள். கன்றுக்குப் பக்கத்தில் தகரப் பலகையில் அவர் பேரும் டோக்கன் நம்பரும் எழுதி வைப்பார்கள். பிறகு கன்றோடு நிற்க வைத்து ஒரு போட்டோ. அந்த போட்டோ அன்றைக்கே ஊருக்குப் போய்விடும். பெண் கொடுக்கிறவர்கள் பார்ப்பார்கள், கடன் கொடுக்கிறவர்கள் பார்ப்பார்கள், அங்காளி பங்காளி எல்லாரும் பார்ப்பார்கள். கன்ஃபர்மேஷன் செடி என்றால் அவ்வளவு மதிப்பு.

மறுநாள் நானே பார்த்தேன். மீசை வைத்த ஆண்பிள்ளைகள் குழியில் மண்ணைத் தள்ளும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு கன்று வைப்பதற்கு அழ என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என் வாய் சும்மா இருக்காது, முனிரத்னம்மாவிடம் கேலியாகக்கூடச் சொன்னேன். இன்றைக்குச் சொல்ல மாட்டேன்.

என் கழுத்தில் மஞ்சள் பட்டைதான். தோட்டத்து ஆட்கள் ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்ட் கணக்கில் வருவோம். கக்கூஸ் கழுவுகிற பெண்களுக்கும் எனக்கும் ஒரே யூனிஃபார்ம். அந்தச் சுவரோரம் அத்தனை பேருக்கும் குழி எடுத்தவள் நான். எனக்கென்று அங்கே ஒரு செடி கிடையாது.

2. சான்றிதழ் வந்த கதை

தோட்டக்காரர் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். என் பிறந்த ஊர் பாரூர் ஏரிக்குக் கீழே. கல்யாணமாகி பாகலூர் பக்கம் வந்து, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பூ வளர்க்கிற ரோஜா பாலிஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தேன். பூ அறுப்பது, மொட்டு கிள்ளுவது, கிளை மடக்குவது, கிரேடு பிரிப்பது எல்லாம் செய்தேன். காதலர் தினத்துக்குப் பூ வேண்டுமென்றால் எப்போது கத்தரி வைக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கொரோனா வந்தது. விமானம் இல்லை, கல்யாணம் இல்லை, கோயில் இல்லை. பூ மட்டும் தன் பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது. அறுத்து அறுத்து குழியில் கொட்டினோம். முதலாளி ஒருநாள் வந்து, ஷெட்டைப் பிரிக்கப் போகிறேன், எல்லாரும் வேற வேலை பாத்துக்கோங்க என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தோட்டக்காரர் சான்றிதழ்ப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். என் பெரிய மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். மண் பரிசோதனை, பதியன், ஒட்டுக் கட்டுவது, புல்வெளி போடுவது, மருந்து அடிக்கும்போது என்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எல்லாம் படித்தேன். செய்து காட்டும் பரீட்சையில் எனக்குப் பயமில்லை. வாய்மொழித் தேர்வுக்குத்தான் பயந்தேன். தேர்வாளர் ஒரு இலையைக் காட்டி, "இதுக்கு என்ன குறை?" என்றார். "பசிங்க சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "என்ன பசி?" என்றார். இரும்புச் சத்து என்று சொல்லித் தப்பித்தேன்.

சான்றிதழ் கையில் வந்த பிறகும் ஐந்தாறு இடத்தில் ஏறி இறங்கினேன். வில்லா கட்டுகிற இடத்தில் "ஆம்பள மாலி இருந்தா சொல்லுங்க" என்றார்கள்; மாலி என்றால் தோட்டக்காரன். ஒரு ஹோட்டலில் வயதைக் கேட்டுவிட்டு டீ கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் இந்தக் கம்பெனி. வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்கிற கம்பெனி. வேலை கிடைத்த அன்று மகளுக்கு போன் போட்டு, ரொம்ப சந்தோஷம் என்றேன். அது பொய்யில்லை, மனசார சந்தோஷப்பட்டேன்.

3. செல்வம்

செல்வம் என்னிடம் வந்தது டீ நேரத்தில். பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கிற மெஷினில் வேலை. அந்தச் சத்தத்துக்குள்ளே நாள் முழுக்க நின்றுவிட்டு, டீயைக் கையில் எடுத்துக்கொண்டு என் நர்சரிக்கு வந்து குந்திக்கொள்வான். நர்சரி என்றால் கழிவுநீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு துண்டு இடம், மேலே பச்சை வலை, கீழே பிளாஸ்டிக் பைகளில் பாக்கெட் செடிகள்.

சாத்தூர் பக்கத்துப் பையன். பையன் என்கிறேனே தவிர கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது. மனைவி ஈஸ்வரியும் பிள்ளை தர்ஷினியும் ஊரில், அவனுடைய நோயாளி அப்பாவோடு. இவன் இங்கே ஒரு ரூமில், ஷிஃப்டுக்கு ஷிஃப்டு ஆள் மாறி மாறிப் படுக்கிற பாயில்.

"பர்மனென்ட் ஆயிட்டா வீடு எடுத்துருவேன்க்கா. பிள்ளைய இங்கயே ஸ்கூல்ல சேத்துருவேன். இப்பப் போனா எம் மக என்னய வாங்க போங்கன்னு பேசுதுக்கா. விருந்தாளி மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுக்கு வேண்டியது இதுதான், இதற்கு மேல் ஒன்றும் இல்லை. கழுத்தில் நீலப் பட்டை, ஒரு சின்ன வீடு, அதில் மனைவியும் மகளும். ஒருநாள் பாக்கெட் செடிகளுக்கு நடுவே நடந்து, ஒரு வேப்பங்கன்றைத் தொட்டுக் காட்டினான்.

"இத யாருக்கும் குடுத்துராதீகக்கா. அடுத்த லிஸ்ட்ல எம் பேரு இருக்குன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காக. இதத்தான் நான் வைப்பேன்."

"வேம்பு எதுக்குப்பா? இந்தக் குளுருக்கு நுனி கருகிப் பூடும், பொழைக்காது. சரக்கொன்றை எடுத்துக்க, போட்டோல சோக்கா இருக்கும்."

"எங்க ஊர்ல வேம்பு மட்டுந்தான்க்கா தானா வரும். அது போதும்."

சரி என்று அந்தப் பையில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டி வைத்தேன்.

அந்த லிஸ்ட் வந்தது. அவன் பேர் இல்லை. அடுத்தது வந்தது, அதிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவான். நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு நேராக நர்சரிக்கு வந்து அந்த வேம்புக்குத் தண்ணீர் ஊற்றுவான். நான் ஏற்கெனவே ஊற்றியிருப்பேன். ஊற்றட்டும் என்று விட்டுவிடுவேன். முனிரத்னம்மா தூரத்திலிருந்து பார்த்து, "பாபம் அக்கா, ஆ பிள்ளோடு" என்று தெலுங்கிலேயே அந்தப் பையனுக்காகப் பெருமூச்சு விடுவாள்.

4. பை நகர்த்துவது

நர்சரி வேலையில் இது முக்கியமான பாடம், கவனமாகக் கேளுங்கள். பாக்கெட் செடியை ஒரே இடத்தில் நெடுநாள் விட்டால், வேர் பையைத் துளைத்துக்கொண்டு தரைக்குள் இறங்கிவிடும். பிறகு தூக்கினால் வராது, தூக்கினால் செடி போய்விடும். அதனால் அடிக்கடி பைகளைத் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். துளைத்துக்கொண்டு வெளியே வந்த சின்ன வேர் அப்போது அறுந்துவிடும். செடி ரெண்டு நாள் வாடும், அப்புறம் தேறிக்கொள்ளும். ஷிஃப்டிங் என்போம்.

ஒருமுறை மேலிடத்து ஆட்கள் சுற்றிப் பார்க்க வந்தபோது இதை விளக்கிச் சொன்னேன். ரமேஷ் சார் பக்கத்தில் நின்று, எங்க தோட்டக்கலை நிபுணர் என்று என்னை அறிமுகப்படுத்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க யூனிஃபார்மைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு பிரேக் என்று ஒன்று உண்டு. சில மாதம் வேலை செய்ததும் கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்ப வந்தால் புது ஆள் மாதிரி புது டோக்கன் நம்பர். பழைய நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். செய்த வேலை எல்லாம் கணக்கில் ஒன்றுமில்லாமல் போய், மறுபடி முதலில் இருந்து. செல்வத்துக்கு இது எத்தனை தடவை நடந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு பிரேக்கிலும் அவன் ஊருக்குப் போகாமல் ரூமிலேயே கிடந்தான். ஊருக்குப் போனால் ஏன் வந்தாய் என்று கேட்பார்களே.

ஒருநாள் லான் வேலை பற்றிப் பேச ரமேஷ் சார் வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"சார், அந்த பிரஸ் ஷாப் செல்வம் நல்லா வேலை செய்யறான்னுதான் எல்லாரும் சொல்றாங்கோ. எதுக்கு சார் அவனுக்கு பிரேக் குடுத்துக்கினே இருக்கறீங்க?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதானம்மா அன்னிக்கு சொன்னீங்க. ஒரே எடத்துல விட்டா வேர் எறங்கிடும், அப்புறம் எடுக்க முடியாதுன்னு."

கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மேலே இருக்கிறவர்கள் சொல்வதைச் செய்கிறவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் என் தொழில் பேச்சை எடுத்து என் வாயிலேயே அடித்த மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தேன். டப்பாவை அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

5. போட்டோ

அந்த வருடம் மழைக்காலம் முடிகிற சமயம் செல்வத்தின் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நர்சரியில் வந்து உட்கார்ந்தான். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

"பேச்சு வரலக்கா. இடது கையால என் கழுத்தத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாரு. பட்டைய கேக்குறாருக்கா. மாத்திட்டாகளான்னு."

"நீ என்னா சொன்ன?"

"மாத்திட்டாகன்னு சொல்லிட்டேன்."

அப்புறம் என்னை ஏறிட்டுப் பார்த்து, அந்த வேம்பை வைக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்றான். அப்பா கண்ணை மூடுவதற்கு முன்னால் காட்ட வேண்டும். நான் யோசிக்கவில்லை. இதைச் செய்யலாமா கூடாதா என்று நீங்கள் என்னிடம் கேட்காதீர்கள். இன்றைக்கு அவன் வந்து கேட்டாலும் செய்வேன்.

தொட்டிக்குப் பின்னால், சுவர் ஓரமாக, யாரும் வராத மூலையில் நானும் முனிரத்னம்மாவும் குழி எடுத்தோம். கூட வேலை செய்கிற ஒரு நீலப் பட்டைக்காரன் மறுபேச்சுப் பேசாமல் தன் பட்டையைக் கழற்றிக் கொடுத்தான். செல்வம் அதை மாட்டிக்கொண்டு, பையைக் கிழித்து, கன்றைக் குழியில் இறக்கினான். சும்மா போட்டோவுக்குத்தான். ஆனாலும் மண்ணைத் தள்ளி, கையால் சுற்றிலும் அழுத்திவிட்டான். முனிரத்னம்மா போனில் எடுத்தாள். என் கையும் யூனிஃபார்ம் சேலைத் தலைப்பும் போட்டோ ஓரத்தில் விழுந்திருந்தன.

எடுத்து முடித்ததும் கன்றை வேறு பைக்கு மாற்றலாமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்க்கா. விட்டுருங்க," என்றான்.

விட்டுவிட்டேன். பலகை இல்லாமல், நம்பர் இல்லாமல் அது அங்கேயே நின்றது.

அப்பா அந்த போட்டோவைப் பார்த்தார். பார்த்து, தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டே கிடந்தாராம். சில நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். காரியம் முடித்து செல்வம் திரும்பி வந்தபோது காண்ட்ராக்டர் மாறியிருந்தார். புது காண்ட்ராக்டர் புது ஆட்களை அழைத்து வந்திருந்தார். கேட்டில் செல்வத்தின் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். எத்தனை வருட வேலை, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துபோனது.

சாவு வீட்டில் ஊர் முழுக்க, பர்மனென்ட் ஆன மகன் என்று பேசியிருக்கிறார்கள். ஈஸ்வரியும் அதை நம்பிவிட்டாள். இனி எப்படி மாற்றிச் சொல்வது? ஓசூர் டவுனில் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தான். ஊருக்கு போன் செய்யும்போது கம்பெனியில் இருப்பதாகவே சொன்னான். எனக்கு மட்டும் தெரியும். எப்போதாவது பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்ப்பேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பேசிவிட்டுப் போவான்.

6. ஆயுத பூஜை

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜை அன்றைக்குத்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வாசலில் வாழை மரம், கையில் பொரி கடலைப் பொட்டலம். பிள்ளைகள் அப்பா வேலை செய்கிற மெஷினைப் பார்க்கும். பிறகு பெஞ்சாதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் சுவரோரம் வந்து அவரவர் மரத்தைக் காட்டுவார்கள். மறு வருட ஆயுத பூஜை அன்று, என் கடப்பாரைக்கும் ஸ்பிரேயருக்கும் நானே பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி வந்து கூப்பிட்டார்.

"மாதம்மா, கேட்டாண்ட ஒரு பொம்பள நிக்கறாங்க. டோக்கன் நம்பர் கேட்டா தெரியலன்றாங்க. ஒரு போட்டோ காட்றாங்க. அதுல இருக்கறது உன் கைதானே?"

குங்குமத்தை அப்படியே போட்டுவிட்டு கேட்டுக்கு ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே ஈஸ்வரி நின்றாள். கையில் பை. பட்டுப் பாவாடை கட்டின பிள்ளை. காலாண்டுப் பரீட்சை லீவு, செல்வத்துக்குத் தெரியாமல் வந்து நிற்கலாம் என்று இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். தலையில் வைத்திருந்த மல்லிகை கசங்கிப் போயிருந்தது.

"மாதம்மாக்காவா? உங்களப் பத்தி அவுக சொல்லாத நாளில்லக்கா," என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? எரு ட்ராக்டர் வருகிற சின்ன கேட் வழியாக இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப் போனேன். சுவரோரமாகவே நடக்க வேண்டியிருந்தது. பிள்ளை ஒவ்வொரு பலகையாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். அந்தப் பலகைகள் எல்லாம் நான் கட்டினவை. அன்றைக்கு எல்லாவற்றையும் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

தொட்டிக்குப் பின்னால் போனோம். அந்த ஒரு வருடத்தில் வேம்பு என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டது.

"இதான் கண்ணு, உங்கப்பா வெச்ச மரம்."

பிள்ளை சுற்றிச் சுற்றி வந்து தேடினாள்.

"எங்கப்பா பேரு எங்க அத்தை?"

"பெயிண்ட் அடிக்கக் குடுத்திருக்குது கண்ணு. வந்துரும்."

நான் சொல்லும்போது ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். பிறகு நாங்கள் வந்த பக்கம் திரும்பி, வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்தாள். வரிசையில் இல்லாத இந்த மூலையைப் பார்த்தாள். போனை எடுத்து அந்த போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள்.

"அக்கா, நீங்க போன் போடுங்க. நான் போட்டா, வேலையில இருக்கேன்னுதான் சொல்லுவாக."

நான் போட்டேன். அவன் எடுத்ததும், கேட்டுக்கு வா, உன் வீட்டுக்காரி வந்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் வண்டி ஓடுகிற சத்தம் நின்றது.

பொட்டலப் பெட்டி கட்டின பைக்கில், கலர் டீ ஷர்ட்டோடு வந்து நின்றான். கேட்டுக்கு உள்ளே அவனை விட மாட்டார்கள். ஈஸ்வரிதான் வெளியே போனாள். நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"இந்த வெயில்ல இப்பிடித்தான் அலையுறீகளா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"மாமாவுக்குச் சொன்னீக, சரி. சாகப் போற மனுசன். எனக்கு எதுக்குச் சொன்னீக? நான் என்ன சோத்துக்கா உங்களக் கட்டுனேன்?"

"ஒனக்கு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல ஈஸ்வரி."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல."

பிள்ளை என் கையை இழுத்தது. அப்பா உள்ளே வரட்டும், மரத்தோடு எல்லாரும் போட்டோ எடுக்கலாம் என்றது. உள்ளே விடவும் முடியாமல், கூடாதென்று சொல்லவும் முடியாமல் செக்யூரிட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் அந்த பைக்கில் ஏறிப் போனார்கள். பிள்ளையைப் பெட்டிமேல் உட்கார வைக்க முடியாமல் முன்னால் உட்கார வைத்தான். நான் கொடுத்த பொரிப் பொட்டலத்தை அது மடியில் வைத்துக்கொண்டது.

அதோடு சரி. அந்த வாரமே ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான் என்று அவனோடு தங்கியிருந்த பையன் சொன்னான். போன் போட்டுப் பார்த்தேன். முதலில் எடுக்கவில்லை, பிறகு அந்த நம்பரே இல்லை என்று வந்தது. ஊரில் என்ன சொல்லிச் சமாளித்தார்களோ, யாருக்குத் தெரியும். எனக்கு அவன்மேல் கோபமில்லை. கோபப்படுகிறதென்றால் யார்மேல் படுவது என்றுதான் தெரியவில்லை.

7. பலகை

அடுத்த கன்ஃபர்மேஷன் கடும் கோடையில் வந்தது. வைக்கிற கன்று பிழைக்காது, மழைக்குத் தள்ளிப் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரே ஒரு ஆள்தான், முடித்துவிடலாம் என்றார்கள். இடம் பார்க்க ரமேஷ் சார் தொட்டிக்குப் பின்னால் வந்தார். வேம்பைப் பார்த்தார்.

"இது யாரோடது? போர்டே இல்லையே."

"ஒருத்தரு வெச்சது சார்."

"யாரு? டோக்கன் நம்பர் சொல்லுங்க."

சொல்ல என்னிடம் நம்பர் இல்லை. அவனுக்கு இருந்த நம்பர்கள் எல்லாம் யார் யார் கழுத்திலோ தொங்கிக்கொண்டிருந்தன. செல்வம் என்று பேர் மட்டும் சொன்னேன். அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே நினைவில்லை.

"நல்லா வளந்திருக்கு. போட்டோக்கும் நல்லா இருக்கும். இதுலயே அந்தப் பையன் போர்டைக் கட்டிருங்க மாதம்மா."

"சார், அது வேற ஆளு வெச்ச மரம் சார்."

"கம்பெனி எடத்துல இருக்கறது கம்பெனி மரம்மா. இதுக்கெல்லாம் மனசக் கஷ்டப்படுத்திக்கிட்டா எப்படி?"

நான்தான் கட்டினேன். அது என் வேலை. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, அது உங்களுக்குத் தெரியும். கயிறு சுற்றி, தண்டு பருக்க இடம் விட்டு, படித்த மாதிரியே ஒழுங்காகக் கட்டினேன். கட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. முனிரத்னம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் புதுப் பையன் தளிப் பக்கத்துக்காரன், கன்னடம் பேசுகிறவன். நல்ல பிள்ளை. சம்பிரதாயத்துக்கு ஒரு கை மண் போட்டுவிட்டு, "அம்மா, நீங்கதான் வளத்தீங்களா?" என்று எனக்கு முதல் இனிப்பைக் கொடுத்தான். அவனைக் கோபித்து என்ன செய்வது? வாங்கிச் சாப்பிட்டேன்.

முட்டி வலி அதிகமாகி இப்போது வேலையை விட்டுவிட்டேன். காவேரிப்பட்டினத்தில் சின்ன மகள் வீட்டில் இருந்துகொண்டு, கேட்பவர்களுக்கு மாடித் தோட்டம் போட்டுக் கொடுக்கிறேன். பயிற்சி கொடுத்த இடத்தில் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைக்கும். இந்தப் பக்கம் கம்பெனி பெருகப் பெருக, செடி வைக்கவும் ஆள் வேண்டும். சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். செடி வைப்பதற்கு முன்னால் மண்ணைப் பார், தண்ணீரைப் பார், வெயிலைப் பார் என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த இடம் அதற்கு எத்தனை நாளைக்கு என்று கேட்கச் சொல்லித் தரவில்லை. செடிக்காகவும் கேளுங்கள், உங்களுக்காகவும் கேளுங்கள். வேலைக்குச் சேருகிற அன்றைக்கே, கழுத்தில் பட்டை மாட்டுவதற்கு முன்னாலேயே, வெட்கப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் இருக்கிறவர்களிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

சென்ற மாதம் கத்தரிக்கோல் வாங்க ஓசூர் போனபோது அந்தக் கம்பெனி வழியாகத்தான் பஸ் போயிற்று. சுவருக்கு மேலே வேம்பின் தலை தெரிந்தது. நுனியில் கருகல் இல்லை, நல்ல வளர்த்தி, நல்ல நிறம். நான் வளர்த்த மரங்களிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது. அந்தக் குளிரில் அது பிழைக்காது என்று நான் அவனிடம் சொல்லியிருந்தேன். பிழைத்துவிட்டது என்று சொல்ல இப்போது என்னிடம் அவன் நம்பர்கூட இல்லை.